டி அண்ட் சி-க்குப் பிறகு கருப்பையில் 'ஏ.வி.எம்.' என்கிறார்கள். கருப்பையை எடுக்காமல் சரிசெய்ய முடியுமா?

மாலா_திருப்பூர்

வணக்கம் தோழிகளே. என் தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 29, ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். இரண்டாவது கரு ஒன்பதாவது வாரத்தில் துடிப்பு நின்றுபோய் டி அண்ட் சி (கருப்பையின் உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்வது) பண்ணினார்கள். அதிலிருந்து விட்டுவிட்டு ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. போன வாரம் ராத்திரி திடீரென்று கட்டுக்கடங்காமல் போக ஆரம்பித்துவிட்டது. நாப்கின் போதாமல் துண்டை மடித்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஹீமோகுளோபின் 6.8. ரத்தம் ஏற்றி, மருந்து போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கருப்பைச் சுவரில் ஏ.வி.எம்.' என்று இருக்கிறது. டாக்டரம்மா இரண்டு வழி சொல்கிறார். ஒன்று கருப்பையை எடுப்பது, இன்னொன்று கோயம்புத்தூர் போய் எம்போலைசேஷன், அதாவது அந்த ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைப்பது. இதற்கு நடுவில் அவள் மாமியார் வீட்டில் "உள்ளே ஏதோ மிச்சம் இருக்கு, இன்னொரு தடவை சுத்தம் பண்ணினா சரியாப் போயிடும்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்றே தெரியவில்லை. இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

காமாட்சி_ஈரோடு

ஏன் கண்ணு, ஒரு புள்ளை இருக்கில்ல? எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் ரத்தமாப் போச்சு. கர்ப்பப்பையை எடுத்தாச்சு, இப்ப நல்லா வேலை வெட்டி பார்த்துட்டு இருக்கா. உசுரு முக்கியம் சாமி. அத்திப்பழம், முருங்கைக்கீரை எல்லாம் குடுங்க, ரத்தம் ஊறும்.

மகப்பேறு_பிஜி

மாலா அக்கா, நான் மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் மறுபடியும் டி அண்ட் சி செய்ய விடாதீர்கள். தமனி ரத்தம் முழு வேகத்தில் பாயும் இடத்தைச் சுரண்டினால் மேசையிலேயே அடக்க முடியாத ரத்தப்போக்கு வரலாம். அவசரமாகக் கருப்பையை எடுக்கும் நிலை பல நேரம் அப்படித்தான் வருகிறது.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

கருப்பை உள்ளறையில் மிச்சத் திசு இருப்பதாக எழுதியிருக்கிறார்களா? டாப்ளரில் ரத்த வேகம், அதாவது பி.எஸ்.வி., எவ்வளவு? ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் பார்த்தார்களா?

மூன்றாவதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். கரு கலைந்து இத்தனை வாரம் கழித்தும் அந்த ஹார்மோன் இருந்தால் உள்ளே நஞ்சுத் திசு (நஞ்சுக்கொடியின் மிச்சம்) உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது குறையாமல் நின்றாலோ ஏறினாலோ முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு சரியாக வளராமல் நஞ்சுத் திசு மட்டும் தாறுமாறாகப் பெருகுவது) சார்ந்த நோயா என்று பார்க்க வேண்டும். அதுவும் டாப்ளரில் இதே போலத்தான் தெரியும், ஆனால் அதற்கு வைத்தியம் முற்றிலும் வேறு.

காமாட்சி அம்மா, கோபப்படாதீங்க. 29 வயதில் கருப்பையை எடுப்பது கடைசிக் கதவு. முதலிலேயே அதைத் தட்ட வேண்டாம். கீரை கொடுங்கள், நல்லதுதான். ஆனால் 6.8-ஐக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது, இரும்புச்சத்து ஊசியோ மாத்திரையோ கண்டிப்பாக வேண்டும்.

மாலா_திருப்பூர்

நன்றி தம்பி (தங்கச்சியா? மன்னிக்கவும்). ரிப்போர்ட்டில் இருப்பது: உள்ளறையில் 1.8 செ.மீ. அளவில் 'திசு மிச்சமாக இருக்கலாம்', அதை ஒட்டிப் பின்சுவரில் நிறைய ரத்த ஓட்டம், பி.எஸ்.வி. வினாடிக்கு 96 செ.மீ. பீட்டா எச்.சி.ஜி. பார்க்கவில்லை. நாளை காலையில் கேட்டு எடுக்கச் சொல்கிறேன். அப்படியே இன்னொன்று, இந்த ஏ.வி.எம். என்பதுதான் என்ன? டாக்டரம்மா அவசரத்தில் "ரத்தக்குழாய் முடிச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேத்லேப்_செல்வம்

நான் மதுரையில் ஒரு கேத் லேப்பில் (ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் இடம்) டெக்னீஷியன், டாக்டர் இல்லை. இந்த கேஸ்களில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நம்ம ஊர்ப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து, வயலில் பரவி, வேகம் அடங்கி, அப்புறம்தான் வடிகாலில் இறங்கும். உடம்பில் தமனி வாய்க்கால், தந்துகிகள் வயல், சிரை வடிகால். ஏ.வி.எம்.மில் நடுவில் வயலே கிடையாது. தமனி நேரடியாகச் சிரையில் திறக்கிறது. சிரைச் சுவர் மெல்லியது, தமனி அழுத்தத்தைத் தாங்கப் படைக்கப்பட்டதல்ல. அந்த இடத்து உட்சவ்வு உரியும்போது அணை போட ஆளில்லை.

பிறவியிலேயே இது வருவது அபூர்வம். நாங்கள் பார்ப்பதெல்லாம் டி அண்ட் சி, கருக்கலைப்பு, சிசேரியன், முத்துப்பிள்ளை இதற்குப் பிறகு வருவதுதான். 1926-லேயே பிரான்சில் துப்ரேய், லூபா என்ற இருவர் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். அப்போதெல்லாம் கருப்பையை எடுத்து வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ரத்தக்குழாய் வழியாகவே போய் அடைத்ததாக ஸ்வீடன்காரர்கள் 1982-ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஆக, நேற்று வந்த பரிசோதனை வைத்தியம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

செய்முறை இதுதான். தொடை இடுக்கில், சில இடங்களில் மணிக்கட்டில், மரத்துப்போக ஊசி போடுவார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது, தூக்கக் கலக்கத்துக்கு மட்டும் மருந்து. தமனியில் ஊசி குத்தி, அதன் வழியே மெல்லிய கம்பி, கம்பி மேல் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய். ஸ்வீடனின் செல்டிங்கர் 1953-ல் சொல்லிக்கொடுத்த முறை, இன்றைக்கும் அதேதான். கத்தீட்டர் 5 பிரெஞ்சு அளவு, அதாவது ஒன்றே முக்கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இடுப்புத் தமனி வழியாகக் கருப்பைத் தமனிக்குள் போய் டை (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) விட்டால் திரையில் படம் விரியும். சாதாரணமாகத் தமனி தெரிந்து, மெல்ல மங்கி, கொஞ்சம் கழித்துத்தான் சிரை தெரிய வேண்டும். ஏ.வி.எம்.மில் தமனி தெரியும்போதே சிரையும் பளிச்சென்று தெரிந்துவிடும். அதைப் பார்த்ததும் அறையில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பிறகு மைக்ரோ கத்தீட்டரை இன்னும் உள்ளே கொண்டுபோய் அடைப்பார்கள். இடது, வலது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கக் கிளை ரத்தம் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

டை போகும்போது அடிவயிற்றில் சூடு பரவும். பல பெண்கள் சிறுநீர் போய்விட்டதோ என்று பதறுவார்கள். போயிருக்காது. இதைத் தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

யாழினி_லண்டன்

மாலா அக்கா, எனக்கும் உதே பிரச்சினைதான் வந்தது. சிசேரியனுக்குப் பிறகு. இங்க முதல்ல உடனே ஒண்டும் செய்யேல்லை. மகப்பேற்று வைத்தியரும் கதிரியக்க நிபுணரும் சேர்ந்து கதைச்சு, ரத்தம் நிண்டுட்டுது எண்டால் மருந்தோட பாப்பம் எண்டு சொன்னவை. திரும்பவும் குருதிப்போக்கு வந்த பிறகுதான் எம்போலைசேஷன்.

செய்யேக்க நோகேல்லை. பிறகுதான் நோ. அண்டைக்கு இரவு அடிவயிறு பிரசவ வலி கணக்கா இழுத்தது. மோர்ஃபின் பம்பைக் கையில தந்தவை, நானே அமத்தலாம். அடுத்த நாட்கள்ல காய்ச்சல், ஓங்காளம், அலுப்பு. ரத்தம் போகாத திசு கொஞ்சம் செத்துப்போறதால வாற காய்ச்சல், கிருமி இல்லை எண்டு விளங்கப்படுத்தினவை. ஆனா காய்ச்சல் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, கெட்ட மணத்தோட வெள்ளை போனாலோ வீட்டில இருக்காமல் உடனே வரச்சொன்னவை. தொடையில குத்தினதால காலை மடக்காமல் மணித்தியாலக்கணக்கில நேரா படுத்திருக்க வேணும். எனக்கு அதுதான் பெரிய அரியண்டம்.

ஏன்_எதற்கு

எல்லாரும் எம்போலைசேஷன், எம்போலைசேஷன் என்று ஏலம் போடுகிறீர்கள். ஒரு டாப்ளரில் கலர் தெரிந்தால் ஏ.வி.எம். என்று எழுதிவிடுவது, உடனே லட்சக்கணக்கில் பில். என் மனைவிக்கும் இதையே சொன்னார்கள். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, அடுத்த ஸ்கேனில் தானாகக் காணாமல் போய்விட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மகப்பேறு_பிஜி

> *தானாகக் காணாமல் போய்விட்டது*

சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இதை நேராகவே பேசிவிடலாம். கரு கலைந்த பிறகும் பிரசவத்துக்குப் பிறகும் நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் கொஞ்ச காலம் ரத்த ஓட்டம் அதிகமாக இருப்பது இயல்பு. மிச்சத் திசு இருந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும். இப்போது பலர் இதை ஏ.வி.எம். என்றே எழுதுவதில்லை, 'கருப்பைத் தசையில் மிகை ரத்த ஓட்டம்' என்று மட்டும் எழுதுகிறார்கள். திசு வெளியேறி, பீட்டா எச்.சி.ஜி. பூஜ்யத்துக்கு வந்தால் இது பெரும்பாலும் தானே அடங்கும். ரத்தப்போக்கு இல்லாத, நிலையாக இருக்கிற பெண்ணுக்கு வெறும் கலர் படத்தைப் பார்த்துக் கத்தீட்டர் போடுவது தேவையற்ற வைத்தியம்தான்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. வேகத்தை வைத்து எடைபோட பெல்ஜியத்தின் லூவன் குழு 2003-ல் ஒரு கணக்குக் கொடுத்தது. பி.எஸ்.வி. வினாடிக்கு 83 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு அதிகம், 39-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. நடுவில் இருப்பவர்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் தப்பு. உங்கள் மனைவிக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா சார்? மாலா அக்காவின் தங்கைக்கு 96, கூடவே 6.8, கூடவே ரத்தம் ஏற்றியிருக்கிறது. இரண்டும் ஒரே நோயாளி அல்ல.

ஏன்_எதற்கு

ரத்தம் ஏற்றவில்லை. லேசாகப் பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "காத்திருக்கலாமா?" என்று டாக்டரிடம் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதை யாரும் மறந்துவிட வேண்டாம்.

மகப்பேறு_பிஜி

கேட்கத்தான் வேண்டும். காத்திருப்பதாக இருந்தால் ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்து காத்திருங்கள். மலைக்கிராமத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அல்ல. திடீரென்று கொட்டினால் கருப்பைக்குள் ஃபோலி பலூனை (சிறுநீர்க் குழாயின் நுனியில் இருக்கும் பலூன்) வைத்து ஊதி அழுத்தி, அந்த நேரத்தைக் கடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இது எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் முடியும்.

கேத்லேப்_செல்வம்

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றதும் வயிற்றைத் திறந்து இடுப்பின் உள் தமனியைக் கட்டிவிடுகிறார்கள். உயிர் போகிற நேரத்தில் வேறு வழி இல்லையென்றால் சரி. ஆனால் அந்தத் தமனி வழியாகத்தான் நாங்கள் போக வேண்டும். கட்டிவிட்ட பிறகு ரத்தம் சுற்றுவழியில் வந்துகொண்டிருக்கும், எங்களுக்குப் பாதை அடைபட்டிருக்கும். இந்த மாதிரி அனுப்பி வைத்த கேஸில் டாக்டர் தலையில் கை வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாலா_திருப்பூர்

பீட்டா எச்.சி.ஜி. வந்துவிட்டது, 58. கோயம்புத்தூரில் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டரை (எம்போலைசேஷன் செய்பவர்) பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். மாப்பிள்ளை கேட்கச் சொன்ன கேள்விகள்: எதை வைத்து அடைப்பார்கள்? அது உள்ளேயே இருக்குமா? மறுபடி குழந்தை பெற முடியுமா? எக்ஸ்ரே கதிர் கருமுட்டையைப் பாதிக்காதா?

கேத்லேப்_செல்வம்

அடைக்கும் பொருள் பல வகை. ஜெல்ஃபோம் என்பது ஜெலட்டின் பஞ்சு. சின்னச் சின்னதாக வெட்டி டையில் குழைத்து விடுவார்கள், சில வாரங்களில் கரைந்துவிடும். பி.வி.ஏ. என்பது மணல் போன்ற துகள், கரையாது. காயில் என்பது மெல்லிய உலோகச் சுருள். க்ளூ என்பது ரத்தம் பட்டதும் கெட்டியாகும் பசை, லிப்பியோடால் எண்ணெயில் கலந்து விடுவார்கள்.

என்னைக் கேட்டால் உண்மையான ஏ.வி.எம்.முக்கு க்ளூதான். ஓட்டை பெரியதாக இருக்கும்போது சின்னத் துகளை விட்டால் அது சிரை வழியாக நழுவி நுரையீரலுக்குப் போய்விடும். ஜெல்ஃபோம் கரைந்ததும் மறுபடி திறந்துகொண்டு இரண்டாம் முறை வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மகப்பேறு_பிஜி

செல்வம் அண்ணா, இங்கே நான் மாறுபடுகிறேன். இந்த கேஸில் 58 என்று பீட்டா எச்.சி.ஜி. இருக்கிறது, உள்ளே 1.8 செ.மீ. திசு இருக்கிறது. அப்படியானால் பிறவி ஏ.வி.எம். மாதிரி நிரந்தர முடிச்சு அல்ல, மிச்ச நஞ்சு இழுத்து வைத்திருக்கிற ரத்த ஓட்டமாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். திசு போனால் ஓட்டமும் போகும். அதுவரை தற்காலிகமாக அடைத்தால் போதும், பிறகு தமனி திறந்துகொள்வது நமக்கு நல்லதே. இன்னொரு குழந்தை வேண்டும் என்கிற 29 வயதுப் பெண்ணுக்கு நிரந்தரப் பசை எதற்கு?

கேத்லேப்_செல்வம்

நீங்கள் சொல்வது திசு விஷயம், நான் சொன்னது நிஜ ஏ.வி.எம். எது என்பதை ஆஞ்சியோகிராம், அதாவது டை விட்டு எடுக்கும் படம், போட்டால்தான் முடிவு செய்ய முடியும். மேசையில் படம் பார்த்துவிட்டுத்தான் எங்கள் டாக்டரே பொருளைத் தேர்ந்தெடுப்பார். அதனால் மாலா அக்கா, "க்ளூவா ஜெல்ஃபோமா" என்று முன்கூட்டியே சண்டை போட வேண்டாம். "குழந்தை வேண்டும், அதை மனதில் வைத்துச் செய்யுங்கள்" என்று சொன்னால் போதும்.

மகப்பேறு_பிஜி

அதில் உடன்பாடு. மாப்பிள்ளையின் மற்ற கேள்விகளுக்கு: எம்போலைசேஷனுக்குப் பிறகு கருத்தரித்து நிறைமாதப் பிரசவம் ஆனவர்கள் உண்டு, மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. "பாதிப்பே இருக்காது" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அதை நம்ப வேண்டாம். கருப்பைத் தமனிக்கும் சினைப்பைக்கும் தொடர்பு இருப்பதால் கொஞ்சம் பொருள் அந்தப் பக்கம் போகலாம். மாதவிலக்கு முன்கூட்டியே நின்றுபோகும் அபாயம் 45 வயதை ஒட்டியவர்களுக்குத்தான் அதிகம், இளவயதில் குறைவு. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு ஆழமாக ஒட்டிக்கொள்கிறதா என்று ஸ்கேனில் கவனிக்க வேண்டும், பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கதிர் படுவது உண்மை, அதைக் குறைக்கும் வழிகளும் உண்டு. அதிக நேரம் திரையைப் போட்டு வைக்காத அனுபவசாலி டாக்டர்தான் முக்கியமான பாதுகாப்பு. டைக்கு ஒவ்வாமை உண்டா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று முன்பே பார்ப்பார்கள்.

பார்வதி_சேலம்

காப்பீடு பற்றி யாரும் எழுதவில்லையே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸ் கியாஸ்கில் எடுக்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் எல்லா ஆஸ்பத்திரிக்கும் எல்லா சிகிச்சைக்கும் அனுமதி இருக்காது. அட்மிஷன் போடும் முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்த நோய்க்கு இந்த ஆஸ்பத்திரியில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். தனியார் பாலிசி என்றால் எழுத்தில் முன் அனுமதி வாங்குங்கள். "மகப்பேறு சம்பந்தப்பட்டது" என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். நோயின் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் எப்படி எழுதுகிறார்கள் என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

கேத்லேப்_செல்வம்

பில்லை ஏற்றுவது பெரும்பாலும் பொருட்கள்தான். மைக்ரோ கத்தீட்டர் ஒன்றே பல ஆயிரம். ஜெல்ஃபோம் மலிவு, காயில் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும். எஸ்டிமேட் கேட்கும்போது பொருட்கள் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள்.

மாலா_திருப்பூர்

எல்லோருக்கும் தகவல். இரண்டாவது பீட்டா எச்.சி.ஜி. 31, குறைந்துகொண்டு வருகிறது. அதனால் முத்துப்பிள்ளை பயம் இல்லை என்றார்கள். காத்திருக்கலாம் என்றுதான் முதலில் முடிவாயிற்று. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு பக்கத்திலேயே உறவினர் வீட்டில் தங்கினோம். ஆனால் மறுபடியும் பெரிதாக ரத்தம் போய்விட்டது. இந்த முறை வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி, அதனால் பழைய பதற்றம் இல்லை.

அன்றைக்கே எம்போலைசேஷன். படத்தில் செல்வம் அண்ணன் சொன்னதேதான், சிரை சீக்கிரமே தெரிந்ததாம். ஆனாலும் பெரிய முடிச்சு இல்லை என்று சொல்லி இரண்டு பக்கமும் ஜெல்ஃபோம் வைத்தார்கள். பிறகு ரத்த ஓட்டம் அடங்கியதை டாப்ளரில் உறுதி செய்துவிட்டு, மகப்பேறு டாக்டர் ஹிஸ்டரோஸ்கோப்பி கேமரா வைத்து அந்தத் திசுவை நேரில் பார்த்தே எடுத்தார். ரத்தம் ஒரு சொட்டு அளவுக்குத்தான் வந்ததாம். பயாப்ஸியில் நஞ்சுத் திசு என்று வந்திருக்கிறது.

அவள் மாமியார் "அதான் அப்பவே சொன்னேனே, உள்ள மிச்சம் இருக்குன்னு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அடைக்காமல் சுத்தம் பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் அவருக்கும் விளக்கினார், காதில் விழுந்ததா தெரியவில்லை.

வலி யாழினி சொன்னது போலவே முதல் ராத்திரி கடுமை. காய்ச்சலும் வந்து போனது. இப்போது இரும்புச்சத்து ஊசி போடுகிறார்கள்.

யாழினி_லண்டன்

சந்தோஷம் அக்கா. அடுத்த மாதவிலக்கு வரேக்க கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும், பயப்படாதேங்கோ. எனக்கு முதல் தரம் வந்தது சரியான குறைவு, பிறகு வழமைக்கு வந்திட்டுது.

காமாட்சி_ஈரோடு

நல்லா இருக்கட்டும் கண்ணு. அவளைப் பாரமெல்லாம் தூக்க விடாதீங்க.

மாலா_திருப்பூர்

சரிங்க அம்மா. பிஜி டாக்டருக்கு ஒரு கேள்வி: எவ்வளவு நாள் கழித்து அடுத்த கர்ப்பத்துக்கு முயற்சி செய்யலாம்?

மகப்பேறு_பிஜி

பீட்டா எச்.சி.ஜி. முழுக்க இறங்கி, டாப்ளரில் ஓட்டம் இயல்புக்கு வந்து, ஹீமோகுளோபின் தேறும் வரை கருத்தடை இருக்கட்டும். காப்பர்-டி வேண்டாம், இப்போதைக்கு ஆணுறை போதும். இடைவெளி எவ்வளவு என்பதை அந்தப் படங்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆஞ்சியோ சிடியையும் ஆபரேஷன் குறிப்பையும் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த பிரசவத்தில் யார் பார்த்தாலும் அதைக் கேட்பார்கள். (தங்கச்சிதான், தம்பி இல்லை.)

சுமதி_நாகர்கோவில்

தோழிகளே, எனக்கு 43 வயது, ஃபைப்ராய்டு (கருப்பைக் கட்டி) 7 செ.மீ. இதே எம்போலைசேஷன் எனக்கும் செய்யலாமா? ஜெல்ஃபோம் போதுமா?

கேத்லேப்_செல்வம்

ஃபைப்ராய்டுக்கும் செய்வார்கள் அக்கா. பாரிஸில் ரவினா என்ற டாக்டர் 1995-ல் எழுதியதிலிருந்து அது பரவியது. ஆனால் அங்கே கட்டியைச் சுருங்க வைக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் கரையாத துகள்தான். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து

மட்டுறுத்துநர்

சுமதி, ஃபைப்ராய்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் விவரத்தோடு. செல்வம், உங்கள் பதிலையும் அங்கே முழுதாக எழுதுங்கள், இங்கே பாதியில் நிற்கிறது.